சங்கு நின்ற பிறகு

மும்பையில் தாதர் என்று ஓர் இடம் இருக்கிறது. அது பெரிய ரயில் நிலையம் உள்ள இடம். தமிழ்நாட்டில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். தாதர் ரயில் ஏறிப் பிழைக்கப் போனவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களில் பலர் தாராவியில் குடியேறினார்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள்.

தாதர் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய பூச்சந்தை இருக்கிறது. விடியும் முன்பே அங்கே கூட்டம் கூடிவிடும். அங்கிருந்து தெற்கே போனால் நாய்காவ், பரேல், லால்பாக் என்று ஒவ்வொன்றாக வரும். இந்தப் பகுதி முழுவதற்கும் மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர். 'மில் ஊர்' என்று பொருள்.

இன்று அங்கே பஞ்சு மில்கள் ஓடவில்லை. மில் ஓடிய காலத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மில் நின்ற பிறகு அவர்கள் மனசு என்ன பாடுபட்டது? அதைத் தெரிந்துகொள்வோம்.

சங்கு ஊதிய காலம்

1854-இல் மும்பையில் முதல் பஞ்சு மில் கம்பெனி தொடங்கப்பட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 60 மில்கள் இருந்தன. சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலை செய்தார்கள். கொங்கண் கடற்கரையிலிருந்தும் சாத்தாரா போன்ற மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்களே அதிகம்.

அந்த வாழ்க்கை சொகுசான வாழ்க்கை இல்லை. ஒரே அறையில் பத்துப் பேர், பதினைந்து பேர் தங்கினார்கள். அந்த மாதிரி வரிசை வீடுகளுக்குச் 'சால்' என்று பெயர். ஒரு ஷிப்டு ஆட்கள் வேலைக்குப் போவார்கள். அந்த இடத்தில் அடுத்த ஷிப்டு ஆட்கள் படுத்துத் தூங்குவார்கள். மில்லுக்குள் பஞ்சுத் தூசி. தறிச் சத்தம் காதை அடைக்கும்.

ஆனாலும் நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மில் சங்கு ஊதும். ஊரே எழுந்திருக்கும். மறுபடி சங்கு ஊதும். ஷிப்டு மாறும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் நேரம் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வேலை முடிந்தால் டீக்கடையில் நண்பர்கள் இருப்பார்கள். சண்டையானாலும் சாவானாலும் சாலில் உள்ள எல்லாரும் ஓடி வருவார்கள்.

எல்லாருக்கும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 'பத்லி' என்று ஒரு வகைத் தொழிலாளி இருந்தார். யாராவது வேலைக்கு வராவிட்டால் அவருக்குப் பதிலாக இவருக்கு வேலை. தினமும் காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பல ஆண்டுகள் பத்லியாகவே இருந்தவர்கள் உண்டு.

'இன்றைக்கு வேலை உண்டா, இல்லையா?' தினமும் காலையில் இந்தக் கேள்வியோடு எழுந்தால் மனசு எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

சங்கு நின்றது

1982 ஜனவரி 18-ஆம் தேதி மும்பை மில்களில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் என்பவர் தலைமை தாங்கினார். கூலி உயர வேண்டும். போனஸ் கூட வேண்டும். பத்லிகளை நிரந்தரமாக்க வேண்டும். எந்தச் சங்கம் தங்களுக்காகப் பேச வேண்டும் என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்ய வேண்டும். இவையெல்லாம் அவர்களுடைய கோரிக்கைகள்.

வேலைநிறுத்தம் ஓர் ஆண்டைத் தாண்டியது. முதலாளிகளும் இறங்கி வரவில்லை. அரசும் இறங்கி வரவில்லை. 'வேலைநிறுத்தம் முடிந்தது' என்று யாரும் முறையாக அறிவிக்கவே இல்லை. அது தானாகத் தேய்ந்து போனது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அதன்பின் மில்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பலர் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். சிலர் தெருவில் காய்கறி விற்றார்கள். சிலர் காவல் வேலைக்குப் போனார்கள். வீட்டுப் பெண்கள் கிடைத்த வேலையெல்லாம் செய்தார்கள். கிரண்காவில் சங்கு ஊதுவது நின்றது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

இருபது வருடம் தறி ஓட்டிய ஒருவர். இப்போது வேலை இல்லை. பழக்கத்தில் விடிகாலையில் விழித்துவிடுவார். எழுந்து எங்கே போவது? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி நான்கு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வருவார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

"நேத்தும் இதத்தானே சொன்னீங்க. உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல, விடு."

பிள்ளை நோட்டு வாங்கப் பணம் கேட்டால் எரிந்து விழுவார். பிறகு தனியாக உட்கார்ந்து வருந்துவார். நண்பர்களைக் கண்டால் ஒதுங்கிப் போவார். 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வெட்கம். கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. மொய் எழுதக் கையில் காசு இல்லை. இரவில் தூக்கம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப் பழக்கம் சேர்கிறது.

ஊர் என்ன சொல்லும்? 'சோம்பேறி ஆகிவிட்டான்' என்று சொல்லும். 'பொறுப்பு இல்லை' என்று சொல்லும். அவரும் அதை நம்பத் தொடங்குவார்.

அது சோம்பலா? இதே கேள்விக்கு வேறு ஒரு நாட்டில் விடை தேடினார்கள்.

இன்னொரு மில் ஊர்

ஆஸ்திரியா என்பது ஐரோப்பாவில் ஒரு நாடு. அதில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் ஒரு நூல் மில் இருந்தது. ஊரே அந்த மில்லை நம்பி வாழ்ந்தது. 1929-30-இல் அந்த மில் மூடப்பட்டது. ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலை இழந்தது.

1931-இல் ஆராய்ச்சி செய்பவர்கள் சிலர் அங்கே போனார்கள். மரீ யஹோடா என்ற இளம்பெண்ணும் அவர்களில் ஒருவர். ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள்.

அந்த ஊரில் ஒரு நூலகம் இருந்தது. வேலை போய்விட்டது, நேரம் நிறைய இருக்கிறது, இனி நிறையப் படிப்பார்கள் என்று தோன்றும் அல்லவா? நடந்தது நேர்மாறு. மக்கள் எடுத்துப் போகும் புத்தகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கட்டணம் இல்லை என்று சொன்ன பிறகும் குறைந்தன.

ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். நேரம் தெரிந்து என்ன செய்ய? பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை ஓயவில்லை. குறைந்த பணத்தில் குடும்பத்தை ஓட்டும் கவலை அவர்கள் தலையில் ஏறியது.

இந்த ஆராய்ச்சி 1933-இல் புத்தகமாக வந்தது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒழுங்கைத் தருகிறது. நாலு பேர் பழக்கத்தைத் தருகிறது. 'நானும் தேவைப்படுகிறவன்' என்ற மதிப்பைத் தருகிறது. வேலை போனால் இவை எல்லாமே ஒன்றாகப் போகின்றன. மரியென்தாலில் ஒருவர் இருவர் மட்டும் தளரவில்லை. ஊரே தளர்ந்தது. ஊர் முழுவதும் ஒரே நாளில் சோம்பேறி ஆகுமா?

பக்கத்தில் எழுந்த கோபுரம்

கிரண்காவில் இன்னொன்றும் நடந்தது. மில் மூடியதும் மில் நிலம் பொன் ஆனது. 1991-இல் புதிய விதி வந்தது. மில் நிலத்தில் வேறு கட்டடங்கள் கட்ட அது வழி செய்தது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய கடை வளாகம் வந்தது. கமலா மில் இருந்த இடத்தில் அலுவலகங்களும் ஓட்டல்களும் வந்தன. தாதரில் கோஹினூர் மில்லின் ஒரு நிலம் 2005-இல் 421 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அங்கே வானளாவிய கட்டடம் எழுந்தது.

அதே தெருவில் பழைய சால்களும் இருந்தன. அவற்றில் பழைய தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்கள் உழைப்பில் வளர்ந்த மில் அது. அந்த வாசலில் இப்போது காவலாளி நிற்கிறார். உள்ளே ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை அவர்கள் வீட்டுக்கு ஒரு வாரச் செலவு.

மில் தொழிலாளர்கள் வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். மில் நிலத்தில் ஒரு பங்கில் அவர்களுக்கு வீடு கட்டப்பட்டது. 2012-இல் குலுக்கல் முறையில் பலருக்கு வீடு கிடைத்தது. ஆனால் கேட்டவர்களின் எண்ணிக்கை, கட்டிய வீடுகளைப் போலப் பல மடங்கு.

இல்லாமை ஒரு துன்பம். எல்லாரும் இல்லாமல் இருந்தால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லலாம். கண் எதிரே ஒரு பக்கம் குவிகிறது, இன்னொரு பக்கம் வற்றுகிறது என்றால் அது இரண்டாவது துன்பம். 'எனக்கு மதிப்பு இல்லை' என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு மனசை மட்டுமா தாக்குகிறது? உடம்பையும் தாக்குகிறது.

இங்கிலாந்தில் லண்டன் அரசு அலுவலகங்களில் 1967 முதல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சுமார் 18,000 ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லாருக்கும் வேலை இருந்தது. சம்பளம் வந்தது. அரசு மருத்துவமும் இருந்தது. ஆனாலும் கடைசிப் படியில் இருந்த தூதர்களும் வாயில் காப்போரும் அதிகமாக இறந்தார்கள். மேல் அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை பிடிப்பதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

1985-இல் இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. இதில் பெண் ஊழியர்களும் இருந்தார்கள். டாக்டர் மைக்கேல் மார்மட் என்பவர் இதை நடத்தினார். தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. நிறைய உழைத்தும் அதற்கு ஏற்ற கூலியோ மதிப்போ கிடைக்காதவர்களுக்கு மன நோவு அதிகம் என்றும் தெரிந்தது.

வாசலில் காத்து நின்ற பத்லித் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் எந்த முடிவும் இல்லை.

கடன் என்னும் சுமை

கடைசியாக நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அது 2013-இல் வெளிவந்தது.

கரும்பு விவசாயிக்கு அறுவடை முடிந்த பிறகே பணம் வரும். அதற்கு முன் கை வறண்டிருக்கும். நகை அடகுக் கடையில் இருக்கும். அறுவடைக்கு முன் அவர்களுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆட்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள்.

ஆள் ஒன்றுதான். மூளை ஒன்றுதான். முதலில் மனசின் பாதி இடத்தில் கடன் உட்கார்ந்திருந்தது. ஏழை யோசிக்கத் தெரியாதவர் என்று சிலர் பேசுவார்கள். அந்தப் பேச்சு தவறு. அவருடைய யோசனையைக் கடன் தின்றுவிடுகிறது.

இன்றைய பத்லிகள்

மில் போய்விட்டது. பத்லி வாழ்க்கை போகவில்லை. தாராவியில் பீஸ் கணக்கில் தைப்பவருக்கு ஆர்டர் வந்தால்தான் கூலி. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் செல்போனைப் பார்த்துக்கொண்டு தெருவோரம் காத்திருக்கிறார். அழைப்பு வந்தால் வேலை. வராவிட்டால் இல்லை. திருப்பூரிலும் சென்னையிலும் இதே கதைதான்.

2021-இல் இந்தியாவில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலில் ஒருவர்! தற்கொலைக்குக் காரணம் ஒன்று மட்டும் இருப்பதில்லை. வறுமை, கடன், நோய், குடி, குடும்பத் துயரம் எனப் பல சேர்ந்து வரும். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 'அது அவரவர் பலவீனம்' என்று சொல்லிவிட முடியாது. உரிய நேரத்தில் உதவி கிடைத்தால் உயிரைக் காக்க முடியும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

கவலை எல்லாருக்கும் வரும், போகும். கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

• தூக்கம் இல்லை, அல்லது எப்போதும் தூக்கம்.
• பசி இல்லை. உடம்பு இளைக்கிறது.
• எதிலும் பிடிப்பு இல்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.
• சின்ன விஷயத்துக்கும் கோபம், அல்லது அழுகை.
• மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாத தலைவலி, உடல்வலி.
• குடி கூடிக்கொண்டே போகிறது.
• 'நான் இருந்து என்ன பயன்?' என்ற எண்ணம்.

கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேட வேண்டும். அப்படிப் பேசுகிறவரைத் தனியாக விடக் கூடாது. 'சும்மா சொல்கிறான்' என்று ஒதுக்கவும் கூடாது.

எங்கே போவது?

முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். கேட்பவர் உடனே புத்தி சொல்ல வேண்டாம். முழுவதும் கேட்டாலே பாதிச் சுமை இறங்கும்.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது அரசின் மனநல உதவி எண். 2022 முதல் இருக்கிறது. பெயர் 'டெலி மானஸ்'. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

அரசின் பெரிய மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மும்பையில் பரேல் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் சயான் மருத்துவமனையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்கலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கேயும் மருத்துவம் பெறலாம். மனநோய்க்கு மருந்தாலும் பேச்சாலும் சிகிச்சை உண்டு.

2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று அது சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

சேர்ந்தால் சுமை குறையும்

மருந்து தூக்கத்தைத் தரும். கடனை அடைக்காது. அதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழியையும் கிரண்காவ் பெண்கள் காட்டினார்கள்.

குடும்பத்தை ஊரில் விட்டு வந்த மில் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் இருந்தார்கள். தங்கள் ஒரே அறையில் அடுப்பு மூட்டி ஆக்குவார்கள். சாப்பிட்டவர்கள் சம்பளம் வந்த பிறகுதான் பணம் தருவார்கள். அதுவரை மளிகைக் கடையில் கடன். வட்டிக்காரரிடம் கடன். தாலி முதல் பாத்திரம் வரை அடகு.

1975-இல் பிரேமா புரவ் என்பவர் இந்தப் பெண்களைச் சேர்த்து 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு ஏற்றார்கள். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள். பிறகு ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள்.

வட்டி குறைந்தது. அதோடு இன்னொன்றும் கிடைத்தது. தனியாக அடுப்படியில் அழுத பெண் இப்போது கூட்டத்தில் பேசினாள். வங்கி அதிகாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயரைக் கையெழுத்துப் போட்டாள். முடிவு அவள் கைக்கு வந்தது.

மனசைத் தின்னும் சுமைகளை நாம் பார்த்தோம். நாளை என்ன ஆகுமோ என்ற பயம். கடன். மதிப்பு இல்லை என்ற வெட்கம். இவற்றை ஒருவர் தனியாகத் தூக்கினால் முதுகு ஒடியும். சங்கம், சுய உதவிக் குழு, அக்கம்பக்கம் என்று பத்துக் கை சேர்ந்தால் தூக்கலாம். நியாயமான கூலி கேட்பதும், நிரந்தர வேலை கேட்பதும் மனநலத்துக்கான கோரிக்கைகள்தான்.

உங்கள் தெருவிலும் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்று மாலை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'அண்ணே, வாங்க, ஒரு டீ குடிப்போம்' என்று கூப்பிடுங்கள்.

சொல்லும் பொருளும்

கிரண்காவ் – மில்கள் நிறைந்த ஊர்
சால் – ஒற்றை அறை வீடுகள் உள்ள வரிசைக் கட்டடம்
பத்லி – வராதவருக்குப் பதிலாக வேலை செய்பவர்
கோரிக்கை – வேண்டும் என்று கேட்பது
ஏற்றத்தாழ்வு – ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்ற நிலை

விடை சொல்லுங்கள்

1. மும்பை மில் வேலைநிறுத்தம் எந்த ஆண்டில் தொடங்கியது?
2. மரியென்தாலில் நூலகப் புத்தகங்களை எடுப்பது ஏன் குறைந்தது?
3. அரசின் மனநல உதவி எண் என்ன? அதை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மூடிய மில், பட்டறை, ஆலை உண்டா? அதில் வேலை செய்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?
2. வேலை இல்லாதவரைப் பார்த்து நாம் என்ன கேட்கிறோம்? என்ன கேட்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் வட்டிச் சுமையைச் சேர்ந்து குறைக்க என்ன வழி இருக்கிறது?